நாற்பத்தோராவது பிரதி

ஜூன் 3, புதன்
இன்று முதல் நடப்பதையெல்லாம் நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். என்மேல் தப்பு என்றாலும் எழுதுவேன். பேனா புதிது. மை கொஞ்சம் ஒழுகுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 4, வியாழன்
அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் ஏட்டையா ஒரு உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார். சந்தையில் குண்டு வெடித்ததிலிருந்து வாரம் ஒரு உத்தரவு வருகிறது. இனி யார் எதை நகல் எடுத்தாலும் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து, அவர் பெயரை மேலே எழுதி, நீல ஃபைலில் வைக்க வேண்டும். சனிக்கிழமை அது காவல் நிலையத்துக்குப் போகும்.
அப்பா பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டாகப் போட்டு ஃபைலை நிரப்புகிறார். "நல்லாப் படிக்கட்டும், போலீஸும் பாஸாகணும்ல?" என்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி குண்டு வெடித்தால்?

ஜூன் 9, செவ்வாய்
அப்பா மை வாங்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். எங்கள் பள்ளி நூலக அக்கா தடியான சட்டப் புத்தகத்தோடு வந்தார்.
"என்ன முதலாளியம்மா, தனி ஆட்சியா?"
ஒரு பக்கம், நாற்பது பிரதி. ஒருவரைக் கைது செய்தால் உடனே வீட்டுக்குச் சொல்ல வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது.
"எங்க தெருவுல பசங்களை வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. எங்கேன்னு வீட்டுக்கே தெரியலை. அவங்களுக்குக் குடுக்கத்தான்."
அக்கா போனதும் நாற்பத்தோராவது பிரதி எடுத்தேன். பெயர், நேரம் எல்லாம் குண்டு குண்டாக எழுதி ஃபைலில் வைத்தேன். இந்தக் கடையில் சட்டத்தை மதிப்பவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 13, சனி
ஏட்டையா ஃபைலைப் புரட்டி ஓர் இடத்தில் நின்றார். "யாரு எழுத்து? முத்து முத்தா இருக்கே!" வகுப்பில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன்.

ஜூன் 15, திங்கள்
நூலகம் பூட்டியிருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்
அக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கலகத் துண்டறிக்கையாம். புது உத்தரவுப்படி முப்பது நாள் கோர்ட்டுக்கே கொண்டுபோகாமல் வைத்திருக்கலாமாம்.
நான்தான். நான்தானே வெச்சேன். யார் கேட்டாங்க என்னை?
அப்பாவிடம் சொன்னேன். அடிக்கவில்லை. "ஏம்மா..." என்றார், அவ்வளவுதான். சாயங்காலம் பக்கத்துக் கடை தையல்காரர் வாசலில் நின்று, "காட்டிக் குடுத்து நல்ல பேரு வாங்கிட்டீங்க போல" என்றார். "ஆமாண்ணே, நான்தான் வெச்சேன்" என்றார் அப்பா. நான் மெஷினுக்குப் பின்னால் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

ஜூன் 19, வெள்ளி
அக்காவின் அம்மா வந்தார். வக்கீல் மனு எழுதிவிட்டார். திங்கட்கிழமை நீதிபதி முன் வைக்க ஏழு செட் வேண்டும்.
"நாலு கடை ஏறி இறங்கிட்டேன் தம்பி. எல்லாரும் கையை விரிக்கிறாங்க."
அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "எட்டாவது செட் நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போயிடும்மா. மனு போகுதுன்னு தெரிஞ்சா, அதுக்குள்ள பொண்ணை வேற ஜெயிலுக்கு மாத்திடுவாங்க. என்னால முடியாது."
அக்காவின் அம்மா போய்விட்டார். குடையை மறந்துவிட்டார். அப்பா அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, சனி
இன்று இன்ஸ்பெக்டரே வந்தார். மெஷின்மேல் கிடந்த இந்த நோட்டை எடுத்து, ஒன்பதாம் தேதிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.
"பாப்பா ஒண்ணு விடாம எழுதும் போலிருக்கே! அடுத்த சனிக்கிழமை இதையும் ஃபைலோட வெச்சிடு, என்ன?"
அவர் மட்டும் சிரித்தார்.

ஜூன் 21, ஞாயிறு
கடைக்கு விடுமுறை. யாரும் வரவில்லை. அப்பாவும் நானும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே கூட்டிப் பெருக்கினோம். மெஷின் கண்ணாடியைத் துடைத்தேன். சூடாக இருந்தது. வெயில் அப்படி.
மதியம் குடையைக் கொண்டுபோய் அக்காவின் அம்மாவிடம் கொடுத்தேன். நல்ல குடை. கொஞ்சம் கனம்.

ஜூன் 26, வெள்ளி
அக்கா வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். "இது நம்ம சட்டப் புத்தகத்துப் பக்கம்தானே?" என்று நீதிபதி கேட்டாராம். அரசு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.
நீல ஃபைலில் வைத்தது அப்பா இல்லை, நான் என்று சொன்னேன்.
"அந்தத் தாளை என் முன்னாடிதான் வெச்சு விசாரிச்சாங்க. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. நான் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார்.
மனுவுக்கு ஏழு செட் எங்கே எடுத்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் கடை கடையாக விசாரிக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.
நாளை சனிக்கிழமை. நோட்டைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும்.
அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.