உன் கண்ணுக்குள் போன மருந்து

தங்கைக்கு,

உனக்குப் பார்வை திரும்பிவிட்டதாம். இனி என் கடிதத்தை நீயே படிக்கலாம். நான் தடவித் தடவித்தான் எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள்.

சந்தோஷம்தான். வயிறும் எரிகிறது. உன்னிடம் எனக்கென்ன ஒளிவுமறைவு?

இருவருக்கும் கூடவே பிறந்த அதே கண் நோய். மருந்து செய்தவளோ என் பேத்தி. தூசியைவிடச் சின்னக் கொழுப்பு உருண்டைக்குள் நல்ல மரபணுவை வைத்துக் கண்ணுக்குள் அனுப்புகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரியும்படி சொல்லித் தந்தாள். "எனக்கு எப்போடி போடுவே?" என்று கேட்டேன்.

"பாட்டி, உருண்டை போய்ச் சேர உள்ளே செல் உயிரோட இருக்கணும். சின்னப் பாட்டிக்கு இருக்கு. உனக்கு எல்லாமே செத்துப்போச்சு" என்று அழுதாள்.

"சரி சரி, மூக்கைத் துடை" என்று அதட்டினேன்.

சின்ன வயதில் என் பாவாடை, என் சீப்பு, எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டாய். இதை மட்டும் கேட்காமலே வாங்கிக்கொண்டாய்.

கட்டு அவிழ்த்ததும் நீ முதலில் பார்த்தது என் பேத்தி முகத்தையாம். நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அவள் அப்படியே உன் ஜாடை என்று எல்லோரிடமும் சொல்கிறாயாமே?

புதுக் கண், அவசரப்படுகிறது. இன்னொரு தடவை நிதானமாகப் பார். அந்த மோவாய் என்னுடையது.

உன் அக்கா