காக்கி உடுப்பில் வந்து பெண் கேட்டவர்

அரியலூர், 4-2-1946

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பி.ஏ. முடித்துப் போலீஸ் ஆபீசில் டைப் அடிக்கிறேன். வாயில் வராததை இந்த டைரியில் வைக்கிறேன்.

சப் இன்ஸ்பெக்டர் குருநாதன் இன்றும் என் மேசைக்கு வந்தார். "மழ வரும்போல." போய்விட்டார். வானத்தில் மேகமே இல்லை.

11-2

குருநாதனுக்குப் பெரம்பலூரில் பந்தோபஸ்து. கிளம்புமுன் சிநேகிதர் சின்னதுரையிடம் (அவரும் சப் இன்ஸ்பெக்டர்தான்) ஏதோ மெதுவாகச் சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். கார்பன் தாளைத் திருப்பி வைத்து அடித்துவிட்டேன்.

விக்கிரமங்கலம், 17-2

ஊருக்கு வந்தால் அம்மா அழுகிறாள். நேற்று சின்னதுரை காக்கி உடுப்போடு வந்தாராம். சர்க்கார் கொள்முதலுக்கு அளக்காமல் ஒளித்த நெல் வைக்கோல்போருக்கடியில் கிடக்கிறது. அதைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அப்பாவுக்கு நடுக்கம். அவர் கேட்டதோ பெண்ணை. தனக்கு!

"எல்லாத்துக்கும் சரிங்கன்னுட்டேன்மா. அவரு கண்ணு போர் மேலயே இருந்திச்சு" என்றார் அப்பா.

"சைக்கிள அதுலதானே சாத்தியிருந்தாரு" என்றாள் அம்மா, அழுகைக்கு நடுவே.

சிரிப்பதா, அழுவதா?

18-2

சின்னதுரை ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். ரேஷன் காலத்தில் இவருக்கு மட்டும் எங்கே கிடைத்தது சர்க்கரை? குருநாதன் திரும்பி வந்தவர், விஷயம் கேட்டு நேரே சின்னதுரையிடம் போனார்.

"எனக்காகக் கேக்கத்தானேடா ஒன்ன அனுப்புனேன்?"

"நீ வருஷம் பூரா மழையப் பத்தியே பேசிட்டிருப்ப. நான் கேட்டேன், குடுத்துட்டாங்க."

என் விரல்கள் நிற்காமல் அடித்தன. என்ன அடித்தேனோ.

19-2

குருநாதனுக்கு என்னப் புடிக்கும்னா ஏன் வாயத் தொறக்கல? எனக்கு மட்டும் வாய் இருக்கா?

விக்கிரமங்கலம், 24-2

சொல்லிவிட்டேன். "நெல்ல அளந்துடுங்கப்பா. அப்புறம் எதுக்குப் பயம்? நான் சின்னதுரையக் கட்டிக்க மாட்டேன்."

அப்பா எழுந்தார். நெல்லை ஏற்ற வண்டி பூட்டப் போனார்.

அரியலூர், 26-2

அப்பா ஆபீசுக்கே வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் சின்னதுரையிடம் கைகூப்பி, "நெல்ல அளந்துட்டேனுங்க. பொண்ணத் தர்றதா இல்லீங்க" என்றார். பதிவேடு எழுதும் ரைட்டர்கூடச் சிரித்துவிட்டார். சின்னதுரை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் குருநாதன் என் மேசையருகே வந்து நின்றார். "லீலாவதி... நல்ல ஆளாப் பாத்து உங்கப்பாகிட்ட அனுப்பட்டுங்களா?"

முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"யாரையும் அனுப்பாதீங்க. மொதல்ல என்னக் கேளுங்க."