அக்கி காயும் வரை

காரிமங்கலம்
9-2-1986

அன்பு மகள் ராஜமேரிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா சுகம், தம்பி சின்னப்பராஜ் சுகம், நான் முக்கால் சுகம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இருபதாம் தேதி ரயிலுக்கு நீ புறப்பட வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய்யச் சொல். எனக்கு இடுப்பில் அக்கி வந்திருக்கிறது, கொத்துக் கொத்தாய்க் கொப்புளம், ஒரே எரிச்சல். குயவர் பச்சியப்பன் காவி குழைத்துக் கொப்புளத்தின் மேல் தடவி அக்கி எழுதிவிட்டு, எட்டு நாள்ல எறங்கிடுங்க என்றார். உன் அப்பாதான் கேட்காமல் தர்மபுரி டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். அந்த அம்மா எடுத்ததும், வூட்ல மாசமா இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா, அவங்களுக்குச் சின்னம்மை வந்திருக்குதா என்று கேட்டார். நீ வரப்போவதைச் சொன்னேன், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, கொப்புளம் காயும் வரை கிட்டேயே சேர்க்கக் கூடாது என்றார்.

அக்கிக்கும் சின்னம்மைக்கும் என்ன உறவு என்று நம்பாமல் வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்த உன் காலேஜ் நோட்டை எடுத்து அப்பா படித்தார். உன் கையெழுத்திலேயே இருக்கிறது. பெரியம்மை வேறு குடும்பமாம், சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸாம். அந்த வைரஸால் தானாகத் தனியே பெருக முடியாதாம், நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன்னைப் போல் ஆயிரம் செய்துகொண்டு வெளியே வருமாம். அடுத்தவள் அடுப்பில் அவள் அரிசியையே பொங்கித் தின்றுவிட்டு வீட்டையும் இடித்துப் போட்டுப் போகிற ரகம். அம்மை இறங்கின பிறகும் நரம்பின் வேரில் படுத்துக் கிடக்குமாம். சின்ன வயதில் எனக்கு வந்தது நாற்பது வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது. கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மையாக வருமாம். உனக்கு வரவில்லையே. தம்பிக்கு அம்மை போட்டபோது, உன் முகத்தில் தழும்பு விழுந்துவிடும் என்று அன்றைக்கே உன்னைக் கம்பைநல்லூர் அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். நீ பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நானோ என் கெட்டிக்காரத்தனத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னையும் அவன் பாயிலேயே படுக்க வைத்திருந்தால் அப்போதே வந்து போயிருக்கும், இப்போது நீ தாராளமாக வரலாம்.

உனக்கு இது ஏழாம் மாதம். எனக்குப் பொருக்கு உதிர நாலு வாரம் ஆகுமாம், அதற்குப் பிறகு இரண்டு ராத்திரி ரயில் உனக்கு ஆகாது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லாமல் நீ இருக்கிற பிலாயிலேயே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன்னைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது கண்ணு. உன் வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பொருக்கு உதிர்ந்த மறுநாள் நானே புறப்பட்டு வருகிறேன். சேலத்தைத் தாண்டாதவள், வழியெல்லாம் இந்திக்காரர்கள் என்று அப்பா பயமுறுத்துகிறார். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க எந்த பாஷை வேண்டும்?

மாதா உங்கள் இருவரையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். கால் வீங்கினால் உப்பைக் குறைத்துக்கொள். என் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாய் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். காகிதத்தில் அது பெருகாது என்றுதான் உன் நோட்டு சொல்கிறது, நானும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இதை மட்டும் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் அம்மா
வேளாங்கண்ணி