திறக்காத குழாய்

கென்சாகு அவர்களுக்கு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? நான் சுகம்.

நான் வீட்டிலிருந்து கிளம்பியபோது, பனியில் பத்து நாள்கூடத் தாங்கமாட்டாய் என்றீர்கள். இன்றோடு நாற்பது நாள். நேற்று நான் வேலை செய்யும் விடுதிச் சமையலறையில் எனக்கு விடுமுறை. இந்த ஊர்க்காரர்கள் மூன்று தலைமுறையாகப் பனிச்சறுக்கு ஆடும் பழைய சரிவுக்கு, இரவல் சறுக்குப் பலகைகளோடு போனேன். ஐம்பத்திரண்டு வயதில் நாலு முறைதான் விழுந்தேன். பயப்படாதீர்கள், எலும்பெல்லாம் முழுசாக இருக்கிறது.

அங்கிருந்து எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொதுக் குளியலறைக்குப் போனேன். ஊற்று வெந்நீர் நிறைந்த தொட்டியில் குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீர் கலந்தால் இங்கே யாருக்கும் பிடிக்காது. தொட்டிக்குள் கழுத்தளவு நீரில் இருந்த, அதே தெருவின் தொமி அக்கா சிரித்தாள்.

“ஆரஞ்சுத் தோட்டத்துக்காரிக்கு இந்தச் சூடு ஆகாது. குழாயைத் திறந்துக்கோ, நாங்க எந்திரிச்சுப் போறோம்.”

“உக்காருங்கக்கா. எனக்கு வெதுவெதுன்னுதான் இருக்கு.”

சிராய்ப்புகளோடு இறங்கினேன். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவள் எழும்வரை நான் எழவில்லை.

வாசலில் சொன்னாள்: “சனிக்கிழமை தொட்டி கழுவுறது எங்க முறை. நீயும் வந்துடு.”

நம் தோட்டத்து ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்புங்கள். நம் ஊர்ச் செய்தித்தாளில் சுற்றுங்கள், பழையதானாலும் படிப்பேன். வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையும் வையுங்கள். திரும்பி வரச்சொல்லி மட்டும் எழுதாதீர்கள். ஞாயிறன்று மறுபடி சறுக்கப் போகிறேன்.

அடுப்பில் சோறு பொங்குகிறது, ஓடுகிறேன்.

மிட்சுயோ