பெயர் சொல்லாத ஊர்

ஏப்ரல் 7, திங்கள். சென்னை

காலையிலேயே புழுக்கம். விடுதி அறை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன். சட்டமன்ற உறுப்பினர் என்றால் வீட்டில் என்னென்னவோ நினைக்கிறார்கள்.

கூட்டத் தொடர் முடிய மூன்று வாரம்கூட இல்லை. இன்று இரண்டு துறைகளின் மானியக் கோரிக்கை. எனக்குப் பேச்சு இல்லை, மேசையைத் தட்டும் வேலை மட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு பின்வரிசையில் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. எனக்கும்தான்.

மாலையில் கொறடா கூப்பிட்டுச் சொன்னார்: தொழிலாளர் துறை மானியத்தில் எனக்குப் பத்து நிமிடம். முதல் தடவை ஜெயித்து வந்தவருக்கு இது பெரிய விஷயமாம். அதில் தலைமைக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, வாக்களித்த மக்களுக்கு நன்றி. மிச்சத்தில் தொகுதி.

நாளைக்கு:
– ஆமத்தூர் ரோடு மனு, நெடுஞ்சாலைத் துறை
– மூக்குக் கண்ணாடிக்குப் புது ஸ்குரு
– கொள்கைக் குறிப்புப் புத்தகங்கள் வைத்துத் தரும் பைகள். ஊரில் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். புத்தகம் வேண்டாமாம்.

ஏப்ரல் 9, புதன். சென்னை

எதைப் பேசுவது? சிவகாசிப் பக்கத்து உறுப்பினர் எழுந்தால் பட்டாசு என்று சபைக்கே தெரியும். விபத்து, நிவாரணம், இறந்தவர்களுக்கு இரங்கல். போன வருடம் பேசியவர் பேச்சையே ஊர் பெயரை மாற்றி வாசித்துவிடலாம்.

நான் பேச நினைப்பது கருந்திரி. நூலில் கருமருந்தைப் பூசிக் காயவைத்து நறுக்குகிற வெடித்திரி. அது இல்லாமல் ஒரு வெடியும் வெடிக்காது. உரிமம் உள்ள ஆலையில்தான் செய்ய வேண்டும். ஆர்டர் தாங்காதபோது வீடுகளுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் செய்வது குற்றம், ஜெயில் உண்டு. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் யாரும் பார்த்ததில்லை.

கேட்கப் போவது ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே, காற்றோட்டத்தோடு, அனுமதி பெற்ற பொதுக் கூடம். வீட்டில் செய்வதை அங்கே வந்து செய்யட்டும்.

உதவியாளர் கணேசனிடம் சொன்னேன். "அக்கா, உங்க மதினி வீட்லயே..." என்று இழுத்தார். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 12, சனி. ஊர்

எந்த ஊர் என்று இதில்கூட எழுதப் போவதில்லை. எம். புதுப்பட்டி தாண்டி, அவ்வளவுதான்.

ரயிலில் இறங்கி நேராக மதினி வீடு. அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். நான் ஜெயித்ததிலிருந்து மதினி நாலு பேர் முன்னால் என்னை "வாங்க, இருங்க" என்கிறார். உள்ளே வந்ததும் பழையபடி "வா, உக்காரு." எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். கூடம் வந்தால் நல்லது, பயமில்லாமல் செய்யலாம் என்றேன். மதினி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"நீ அங்கன பேசுவ. பேப்பர்ல வரும். மறுநாள் கூடம் வராது, போலீசுதான் வரும். எங்க பொழப்புல கைய வைக்காத, மாரி."

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேனே என்றேன். நீ எந்த ஊர்க்காரி என்று அவர்களுக்குத் தெரியாதா என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அது எம்.எல்.ஏ. சொல்கிற வார்த்தை என்று மதினிக்கும் தெரியும்.

கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. சுண்டக்குழம்பு நன்றாக இருந்தது, சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய். சென்னை

சபை இல்லை. பேச்சை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். நன்றிகள் மட்டும் ஒரு பக்கம் வருகின்றன. அவற்றை வெட்டினால் கொறடாவுக்கு ஆகாது.

அவர் (வீட்டுக்காரர்) போனில்: அச்சாபீஸில் காலண்டர் ஆர்டர் இப்போதே வர ஆரம்பித்துவிட்டதாம். மிஷினில் நின்று கால் வீக்கம். விஸ்வநத்தம் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பார்க்க மாட்டார்.

ஏப்ரல் 19, சனி. சென்னை

ஊருக்குப் போகவில்லை. கமிட்டிக் கூட்டம்.

மதியம் கணேசன் போன். பொன்னுத்தாயிக்குக் கை வெந்துவிட்டதாம், மதினிக்கு அடுத்த வீடு. வலது கை, முழங்கை வரை. பெரியாஸ்பத்திரியில். எப்படி என்றேன். கொதிகஞ்சி கொட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள் என்றார்.

கொதிகஞ்சி. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கஞ்சியும் அடுப்பும்தான் ஆளைச் சுடும். வெடிமருந்து என்று வாயைத் திறந்தால் கட்டில் பக்கத்தில் போலீஸ் வந்து நிற்கும். டாக்டருக்கும் தெரியும், எழுதிக்கொள்கிறார். தெரிந்து என்ன, வெடிமருந்துக் காயத்துக்கும் கஞ்சிக் காயத்துக்கும் வைத்தியம் ஒன்றா?

அழுதேன். பொன்னுத்தாயி எனக்கு ஓட்டுக் கேட்டு வெயிலில் நடந்தவர்.

மதினிக்கு இரண்டு தடவை போன் போட்டேன். "நல்லா இருக்கா, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 21, திங்கள். சென்னை

கடைசி வாரம், நாட்கள் நெருக்கியடிக்கின்றன. தொழிலாளர் துறை நாளை மறுநாள், புதன்கிழமைக்குத் தள்ளிவைப்பு.

கணேசன் சொன்ன செய்தி: மதினியும் ஊரிலிருந்து இரண்டு பெண்களும் நாளை ரயில் ஏறுகிறார்கள், சபையைப் பார்க்க வேண்டுமாம். பாஸ் வாங்கச் சொல்லியிருக்கிறார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து மதுரையைத் தாண்டாதவர். இப்போது சபை பார்க்க ஆசையா? பொன்னுத்தாயி வெந்து கிடக்கும்போது? எனக்குப் புரியாமலா இருக்கிறது. பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் நான் எப்படிப் பேசுகிறேன் என்று பார்த்துவிடுவார். காவல்.

ஏப்ரல் 23, புதன். சென்னை

மனது சரியில்லாமல் எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் தெளியும்.

காலையில் மூவரும் வந்து இறங்கிவிட்டார்கள். கணேசன் இரண்டு தடவை போன்: "மதினி உங்களப் பாக்கணும்ங்கறாக, ஒரு நிமிசம் போதுமாம்." கொறடா அறையில் இருப்பதாகச் சொல்லுங்கள் என்றேன். இருந்தது கேன்டீனில், ஆறிப்போன காபியோடு. பேசாதே என்று நேரில் சொல்லிவிட்டால் பிறகு பேச முடியாது. அதற்குப் பயந்து ஒளிந்துகொண்டேன்.

சபை. என் முறை. நன்றிகளைப் பாதியில் விட்டேன், கொறடா திரும்பிப் பார்த்தார். கருந்திரி என்றதும் பின்வரிசையில் பேச்சு நின்றது. வீட்டில் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவில் பெண்கள் செய்கிறார்கள், பிடிபட்டால் குற்றவாளி, வெந்தால் பொய் சொல்லி வைத்தியம், இதை மாற்ற ஊருக்கு ஒரு பொதுக் கூடம் வேண்டும் என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

அமைச்சர் குறுக்கிட்டு எழுந்தார். நல்ல மனிதர், கிண்டலாகக் கேட்கவில்லை. "உறுப்பினர் சொல்வது நியாயமான கோரிக்கை. எந்த ஊர் என்று குறிப்பிட்டுச் சொன்னால், முன்னோடியாக ஒரு கூடத்தை இன்றைய பதிலுரையிலேயே அறிவிக்கத் தயார்" என்றார்.

நான் எதிர்பார்க்கவே இல்லை. பேரவைத் தலைவர், "சொல்லுங்க அம்மா" என்றார்.

மேலே பார்த்தேன். பார்வையாளர் மாடத்தில் மூன்றாவது வரிசை, மதினி. கை மடியில், அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு. எங்க பொழப்புல கைய வைக்காத.

"ஊர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. சொன்னால் அங்கே முதலில் போவது உங்கள் துறையாக இருக்காது" என்றேன்.

ஓரிருவர் மேசையைத் தட்டினார்கள். எனக்கே உள்ளுக்குள் ஒரு பெருமை, எழுத வெட்கமாக இருக்கிறது. அமைச்சர் சிரித்தார். பெயர் இல்லாத ஊருக்கு எங்கே போய்க் கட்டுவது என்றார். சபையும் சிரித்தது. உடனே பக்கத்துத் தொகுதிக்காரர் எழுந்தார். அவருக்குக் கருந்திரி பற்றி என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு ஊர் பெயர் தெரிந்திருந்தது. சொன்னார். மாலைப் பதிலுரையில் கூடம் அந்த ஊருக்கு.

அறைக்கு வந்தேன். மூவரும் கட்டிலில் உட்காராமல் தரையில். சாத்தூர் சேவு பொட்டலம் பிரித்து வைத்திருந்தார்கள். நானே முந்திக்கொண்டு, "பெயரைச் சொல்லல மதினி, பாத்தீகல்ல?" என்றேன்.

மதினி கையிலிருந்த சேவைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டார்.

"ஊர் பேரச் சொல்லுன்னு சொல்லத்தான வந்தோம்" என்றார்.

மீதியை அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். பொன்னுத்தாயி வெந்த அன்று தெருவே கூடிப் பேசியிருக்கிறது. போலீஸ் வந்தால் வரட்டும், ஊர் பெயரைச் சொல்லிக் கூடம் கேட்கட்டும் என்று முடிவு. பொன்னுத்தாயியே ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். போனில் பேசினால் யாராவது கேட்பார்கள் என்று பயந்து, ஒரு வார்த்தை நேரில் சொல்ல இம்புட்டு தூரம்.

"காலைல ஒரு நிமிசம் கீழ வந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருக்கலாம்.

கூட வந்த பெண்களில் ஒருத்தி சேவுப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

ஏப்ரல் 24, வியாழன். சென்னை

காலையில் மதினியைக் கூட்டிக்கொண்டு அமைச்சர் அறைக்கு. மரியாதையாக உட்காரச் சொன்னார், காபி வந்தது. ஊர் பெயரைச் சொன்னேன், எழுதிக் கொடுத்தேன். நேற்றே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். அறிவிப்பு போனது போனதுதான், இந்த நிதியாண்டுக்கு ஒன்றுதான், அடுத்த வருட மானியத்தில் கட்டாயம் பார்க்கலாம் என்றார். பொய் சொல்லவில்லை, அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மதினி எழுந்து கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "கட்டி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தீவாளி சீசன் போயிருமேய்யா?"

அமைச்சர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கொறடா போன். நேற்று நான் பேசியது கட்சிக்குச் சங்கடம், ஆனாலும் தலைமைக்குப் பிடித்திருக்கிறதாம், துணிச்சல் என்று சொன்னார்களாம். காதில் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டேன்.

எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக மதினி சொன்னது: "நீ எங்களுக்காகத்தான் பேசுன, அது எனக்குத் தெரியாதா? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், அம்புட்டுத்தான்." வண்டி நகர்ந்துவிட்டது.

ஏப்ரல் 25, வெள்ளி. சென்னை

கடைசி நாள். மசோதாக்கள் மடமடவென்று நிறைவேறின. "ஆம் என்போர்" என்று கேட்பதற்குள் ஆம். சபை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு. படிக்கட்டில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள், நானும் நின்றேன். பைகள் பதினொன்று சேர்ந்திருக்கின்றன.

ஏப்ரல் 27, ஞாயிறு. ஊர்

நல்ல வெயில், அனல் காற்று. காரை மதினி வீட்டு வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன், நடக்கத் தெம்பில்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. உள் அறையில் பாயில் கருந்திரி, நறுக்கி நறுக்கிக் குவியல். மதினி கட்டிக்கொண்டிருந்தார். எதிரே பொன்னுத்தாயி, ஆஸ்பத்திரியிலிருந்து முந்தாநாள்தான் வந்தவர். வலது கையில் கட்டு. இடது கையால் திரியை எண்ணி எண்ணி மதினி பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், "வாங்க தாயி, சாப்பிட்டீகளா?" என்றார்.

என்ன இது மதினி, இப்போதுமா என்று கேட்டேன்.

ஆர்டரை ஒத்துக்கொண்டாயிற்று, கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்றார். தலை நிமிரவில்லை.

நான் இப்போது என்ன செய்யட்டும் மதினி என்றேன். இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கேட்டது.

"மொதக் கதவச் சாத்து. ஒன் காரப் பாத்தா ஊரே கூடிரும்."

பயந்து சாத்துகிற கதவுதான் ஆளைக் கொல்வது. தீப் பிடித்தால் திறந்து ஓட நேரம் இருக்காது. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சாத்தினேன்.