ஆஹா சொல்லும் இடம்

பிரபா,

நீ கோயிலிலிருந்து வருவதற்குள் நான் செங்கல்பட்டுக்குக் கிளம்புகிறேன், காது டாக்டரைப் பார்க்க. குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடு. ரெக்கார்டு அலமாரிச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

சாயங்காலம் செல்வராஜும் ராகவனும் பாட்டுக் கேட்க வருவார்கள். "இன்னா தலைவரே, இந்த வாரம் எத்த கேக்கலாம்?" என்று செல்வராஜ் வாசலிலேயே ஆரம்பிப்பார். அந்தப் பழைய நாகஸ்வரத் தோடியைப் போடு. அதை மாமல்லபுரத்தில் வாசித்தபோது, ராகம் முடிகிறவரை அலை கரையேறாமல் காத்திருந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு.

எந்த இடம் உசத்தி என்பதையும் நீயே சொல். மேல் ஸ்தாயி எனக்குக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ கீரை ஆய்ந்துகொண்டே எங்கே தலையாட்டுகிறாயோ, அங்கேதான் நான் "ஆஹா" போடுகிறேன். அவர்கள் என் ரசனையை மெச்சிக்கொண்டு போகிறார்கள். இப்போது மற்றதும் மங்கி வருகிறது. டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ.

பி.கு.: நீ கூப்பிட்டும் நான் திரும்பவில்லை என்று கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டாய். அது வீம்பு இல்லை, பிரபா. இனிமேல் எதிரில் வந்து நின்று திட்டு. உன் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன்.