நீ பாதியில உட்கார்ந்த படிக்கட்டு

நேத்து இந்த வருஷத்தோட மொத மழை. பரண்ல இருந்து மழைத்துணிப் பையை இறக்கினேன். மேலாப்புல உன் விண்ட்சீட்டர். எடுத்து உதறினப்ப பாக்கெட்டுல இருந்து விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் குழாய் விழுந்துச்சு. மூக்குல வெச்சு உறிஞ்சுவாங்களே, பேங்காக்ல பாதிப் பேர் கையில பார்த்தோமே, அந்தத் தைலக் குழாய். மூடியத் திறந்தேன். கற்பூரமும் புதினாவும் கலந்த வாசனை.

மராத்தி பேசுற தாபோடியில வளர்ந்தவ நீ, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்ப. அதனால பேசுற மாதிரியே எழுதுறேன். யாருக்கு எழுதுறேன்னு தெரியல, இருந்தாலும்.

கல்யாணமாகி நாம போன ஒரே வெளிநாடு அது. ஒரு நாள் டூர். காலையில ஏழு மணிக்கு ஹோட்டல் வாசல்ல வேன். கைடு ஒரு நடுவயசு அம்மா, கையில மஞ்சள் குடை. அவங்க சொன்ன பேரு உன் வாயில நுழையல. "அக்கா"ன்னே கூப்பிட்ட. அவங்களும் திரும்பிப் பார்த்தாங்க. நான் எந்த இடத்துக்கு எத்தனை நிமிஷம்னு போன்ல எழுதி வெச்சிருந்தேன். நீ எட்டிப் பார்த்துட்டு, "அரே, இது டூரா, உங்க ஆபீஸ் சாஃப்ட்வேர் ரிலீஸா? சல், பாத்ரூம் போக எத்தனை நிமிஷம் போட்டிருக்க?"ன்னு கேட்ட. அதையே இந்தியிலயும் சொல்ல, வேன்ல பின்னாடி இருந்த நாக்பூர்காரங்க சிரிச்சாங்க.

அரண்மனை வாசல்ல முட்டி தெரியுதுன்னு உன்னை உள்ள விடல. எதிர்க்கடையில யானை போட்ட பேன்ட் வாங்கி மாட்டிக்கிட்ட. "இத போட்டுக்கிட்டு தாபோடி மார்க்கெட்டுக்குப் போனா அம்மா திட்டும். இங்க ராஜா வீட்டுக்கே போறேன் பாரு." படுத்திருக்கிற புத்தரோட பாதத்துக்கிட்ட ரொம்ப நேரம் நின்ன. நான் வாட்சைக் காட்டினேன்.

அப்புறம் படகுல அக்கரைக்கு. அருண் கோயில். படிக்கட்டு செங்குத்தா போகும், ஒவ்வொரு படியும் முட்டி உசரம். பாதியில நீ நின்னுட்ட.

"நீ போ. எனக்கு மூச்சு வாங்குது."

"நாள் பூரா வீட்ல உட்கார்ந்து லேப்டாப் தட்டினா இப்படித்தான்."

"போடா, நீ மட்டும் மலையேறுறியாக்கும்."

கைடு அக்கா கீழ இருந்து ஏறி வந்தாங்க. உன் கையப் பிடிச்சு இறக்கி நிழல்ல உட்கார வெச்சு, தன் பையில இருந்து இந்தக் குழாயை எடுத்துக் குடுத்தாங்க. நான் மேல போயிட்டேன். இருபது நிமிஷம் டைம் குடுத்திருந்தாங்க. இருபது நிமிஷமும் மேலயே இருந்தேன். இறங்கி வந்தப்ப "ஒண்ணுமில்ல, தூப் ஜாஸ்தி, வெயிலு ஒத்துக்கல"ன்ன. வேன்ல ஏ.சி. குளிருதுன்னு விண்ட்சீட்டரைப் போட்டுக்கிட்டு என் தோள்ல தூங்கிட்ட. அவ்வளவுதான். நான் மறந்தே போயிட்டேன்.

பத்து வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை. நம்ம பில்டிங் லிஃப்ட் ஓடல. ரெண்டாவது மாடித் திருப்பத்துல விழுந்துட்ட.

ஆஸ்பத்திரியில டாக்டர் மூணு தடவை கேட்டாரு, இந்தியில. இதுக்கு முன்னாடி மூச்சு வாங்கியிருக்கா, படி ஏறினா முடியாம போயிருக்கா. மூணு தடவையும் இல்லன்னேன். ஹார்ட் வால்வு ரொம்ப நாளாவே கெட்டிருக்கணும்னு எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னாரு. ஆபீஸ்ல ஒரு சர்வர் விழுந்தா, அதுக்கு முன்னாடி வந்த ஒவ்வொரு வார்னிங்கையும் தோண்டி எடுத்து ரிப்போர்ட் எழுதுறதுதான் என் வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இன்னிக்குக் காலையில தாபோடிக்கு, உங்க அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாகிட்ட சொல்லிடணும்னு. போன தடவைகூட, "ஒரு அறிகுறியும் இல்லாமப் போச்சே மாப்ள, நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு எனக்குச் சோறு போட்டாங்க. இன்னொரு தடவை அந்தச் சோத்தைத் தின்ன முடியாது.

அம்மா மேத்திக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. எதிர்ல உட்கார்ந்து சொன்னேன். படிக்கட்டு, மூச்சு வாங்கினது, நான் கிண்டல் பண்ணது, மேல போனது, டாக்டர்கிட்ட இல்லன்னது. அவங்க கை நிக்கவே இல்ல. இலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம்.

"என்கிட்டயும் சொன்னா, மாப்ள."

"என்னம்மா?"

"போன்ல. அங்கிருந்து. கோயில்ல உட்கார்ந்திருக்கேன், நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மான்னா. காலையில ஒண்ணும் தின்னிருக்க மாட்ட, நிம்பு பானி குடிடின்னேன். அவர்கிட்ட சொல்லாத, டூரைக் கெடுத்துக்குவாருன்னா." கீரையைத் தள்ளி வெச்சாங்க. "டாக்டர் கேட்டப்ப நானும் பக்கத்துலதானே நின்னேன். நீங்க இல்லன்னீங்க. நானும் வாயத் திறக்கல."

சொல்லிட்டா கொஞ்சம் இறங்கும்னு நெனச்சேன். இறங்கல. அவங்களுதும் சேர்ந்து ஏறிக்கிச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்ல. குக்கர் விசில் வந்தப்ப அம்மா எழுந்து போய் அடுப்பை அணைச்சாங்க. "சாப்பிட்டுப் போங்க"ன்னு சொல்லல. நானும் கிளம்பிட்டேன்.

மேல இருந்து பார்த்த ஆறு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தண்ணி மேல வெயில், அரிசிப் படகு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, அக்கரையில அரண்மனைக் கூரை. கண்ண மூடினா அதுதான் வருது, எத்தனை தடவை மூடினாலும். அந்த இருபது நிமிஷம் உன் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதைப் பார்த்தது அந்த அக்கா மட்டும்தான். அவங்க பேரைக்கூட நான் சரியாக் கேட்டுக்கல.